விடுதலைன்னா எந்த விடுதலை?

(விளாத்திகுளம் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



பயிர்க் காப்பீடு, மக்காச்சோள விலை, கண்மாய் வரத்துக்கால் என்று பேச எத்தனையோ இருக்கிறது. அதையெல்லாம் நமது தலைவர் விரிவாகப் பேசிவிட்டார். எனக்குக் கொடுத்த நேரத்தில் நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "விடுதலை" என்கிற சொல். இது என்ன இலக்கிய மன்றமா, சொல்லுக்கு விளக்கம் சொல்ல என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நம்ம பக்கத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டிய வேலை வாய்க்கு எட்டாமல் போனது என்பது உங்களுக்கே தெரியும்.

நாம மறியல் பண்றோம். போலீஸ் வந்து எல்லாரையும் வண்டியில ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்தில கொண்டுபோய் வைக்குது. மத்தியானம் தக்காளிச் சாதம், இல்லைன்னா சாம்பார் சாதம் பொட்டலம். பேரு, தகப்பனார் பேரு, வயசு, ஊரு எழுதிக்கிடுதாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு "போகலாம்" என்கிறார்கள். மறுநாள் பேப்பரில் "விவசாயிகள் கைது, மாலையில் விடுதலை" என்று வருகிறது. நாமும் அதை வெட்டி சங்க ஆபீஸ் சுவரில் ஒட்டுகிறோம்.

அது விடுதலையா? கோர்ட்டுக்கே போகவில்லை, நீதிபதி முகத்தையே பார்க்கவில்லை, பிறகு யார் நம்மை விடுதலை செய்தது? அது மண்டபத்துக் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே எழுதிய அந்தப் பெயர்ப் பட்டியல் முதல் தகவல் அறிக்கையாக மாறியிருக்கிறதா, இல்லையா என்று நம்மில் யாரும் போய்க் கேட்பதில்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்து சம்மன் வரும்போதுதான் "அன்னைக்கே விட்டுட்டாங்களே அண்ணாச்சி" என்று சங்கத்துக்கு ஓடி வருகிறோம்.

ஜாமீனில் வெளியே வந்தாலும் நம்ம ஊரில் விடுதலைதான். தண்டனைக் காலம் முடிந்து ஜெயிலை விட்டு வந்தாலும் விடுதலைதான். கோர்ட்டில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தாலும் விடுதலைதான். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். சட்டத்திலோ இவை ஒவ்வொன்றும் வேறு வேறு.

நம்ம மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஒட்டப்பிடாரத்துக்காரர், கப்பலோட்டிய வ.உ.சி. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். 1908 மார்ச் 12-ல் கைது செய்தார்கள். ராஜத்துரோக வழக்கு. அந்த வருஷம் ஜூலை 7-ல் திருநெல்வேலி கோர்ட்டில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல் முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதை ஆறு ஆண்டாகக் குறைத்தது. குறைத்ததே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பைக் கலைக்கவில்லை. கோயம்புத்தூர் ஜெயிலில் செக்கிழுத்து, கண்ணனூர் ஜெயிலுக்குப் போய், 1912 டிசம்பர் 24-ல் வெளியே வந்தார். வரலாற்றுப் புத்தகத்தில் "விடுதலையானார்" என்று எழுதியிருக்கிறது. ஆனால் அவர் படித்துப் பட்டயம் வாங்கிய வக்கீல். வெளியே வந்த மனுஷனால் கறுப்புக் கோட்டு போட முடியவில்லை. தண்டனை பெற்றவர் என்று சன்னதைப் பறித்துவிட்டார்கள். சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து குடும்பத்தை ஓட்டினார். பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவி செய்துதான் அந்தச் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-லிருந்து அவர் பெயர்தான். ஆனாலும் ஜெயில் கதவு திறந்த அன்றைக்கு அவர் தலையில் இருந்த தீர்ப்பு இறங்கவில்லை பாருங்கள்.

மணியாச்சியில் 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட வழக்கும் நம்ம மாவட்டத்துச் சங்கதிதான். 14 பேர் மேல் வழக்கு நடந்து, 1912-ல் ஒன்பது பேருக்குத் தண்டனை, ஐந்து பேருக்கு விடுதலை. அந்த ஐந்து பேருக்குக் கிடைத்தது தீர்ப்பினால் வந்த விடுதலை. அதே ஆண்டுக் கடைசியில் வ.உ.சி.க்குக் கிடைத்தது வேறு.

சரி, இப்போ நம்ம கேசுகளுக்கு வருவோம்.

ஒரு கேஸ் முடிவதற்கு எத்தனை வழி இருக்கிறது? முதலில் போலீஸ் ஸ்டேஷனிலேயே முடியலாம். விசாரித்தோம், விஷயம் அப்படி இல்லை என்று "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது" என்று அறிக்கை எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். போலீஸ்காரர்கள் "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்" என்று சொல்வது இதில் ஒரு வகை. அதாவது புகாரே தப்பு. இது நமக்கு நல்ல முடிவு. ஆனால் இன்ஸ்பெக்டர் வாயால் "கேஸை மூடியாச்சுப்பா, போ" என்று சொன்னது போதாது. அந்த அறிக்கை கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, குற்றப்பத்திரிகை போட்ட பிறகு, குற்றச்சாட்டு வனையும் முன்னால், "இந்தப் பேப்பர்களை வைத்துப் பார்த்தால் இவர் மேல் வழக்கு நடத்தவே முகாந்திரம் இல்லை" என்று கோர்ட் அனுப்பிவிடுவது. இதற்கு விடுவிப்பு என்று பெயர். விசாரணை முழுக்க நடந்து, சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணை முடிந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால் அதுதான் சட்டம் சொல்லும் விடுதலை. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? விடுதலைத் தீர்ப்பு வந்து அது நிலைத்துவிட்டால், அதே குற்றத்துக்காக உங்களைத் திரும்பக் கூண்டில் ஏற்ற முடியாது. மேல் கோர்ட்டுக்கு அப்பீல் வேண்டுமானால் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 300-வது பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து வந்திருக்கிற புதுச் சட்டத்தில், அந்த வாயில் நுழையாத பெயர், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதில் 337-வது பிரிவு. விடுவிப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அதே பிரிவின் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. புதுச் சாட்சியம் கிடைத்தால் கேஸ் திரும்ப எழும்பலாம்.

உயர்நீதிமன்றத்துக்குப் போய் வழக்கையே ரத்து செய்வது இன்னொரு வழி. பழைய 482, இப்போ 528. நம்மைப் போலப் போராட்டக்காரர்களுக்கு இது பெரிய ஆயுதம். மறியல் என்றால் போலீஸ் வழக்கமாகப் போடுவது 143, 188, 341. சட்ட விரோதமாகக் கூடியது, அதிகாரி உத்தரவை மீறியது, வழியை மறித்தது. புதுச் சட்டத்தில் இதற்கெல்லாம் நம்பர் மாறிவிட்டது, 189, 223, 126 என்று. 2018 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 188-க்கு போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது. உத்தரவு போட்ட அதிகாரி எழுத்து மூலமாகக் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். கோரிக்கைக்காக அமைதியாகக் கூடுவதை மட்டும் வைத்து 143 போடவும் முடியாது. இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பல போராட்ட வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. அதோடு இன்னொன்று. பழைய சட்டத்தில் இந்த மூன்று பிரிவுக்கும் அதிகபட்சத் தண்டனை ஆறு மாசம்தான். அந்த மாதிரிக் கேசில் ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்லி கோர்ட் ஏற்றுக்கொண்டால் ஒழிய, காலம் கடந்த கேஸ் நிற்காது. மூணு வருஷம் கழித்து சம்மன் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு தலையில் கை வையுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது, நம்ம ஆட்கள் அதிகமாக விழுகிற குழி ஒன்று இருக்கிறது. சம்மன் வந்து கோர்ட்டுக்குப் போகிறோம். வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை கெடுது, பஸ் செலவு, டீச் செலவு. உளுந்து எடுக்கிற நேரத்தில் வாய்தா விழுந்தால் வயிறு எரியும். அப்போ யாராவது ஒருத்தர், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், "எதுக்கு அலையுதீக? ஒத்துக்கிட்டு ஐநூறு ரூபாய் கட்டிட்டுப் போங்க, இன்னைக்கே கேஸ் முடிஞ்சிரும்" என்பார். நாமும் ரூபாயைக் கட்டி, ரசீதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, கேஸில் இருந்து விடுதலை ஆகிவிட்டோம் என்று ஊருக்கு வந்துவிடுகிறோம்.

அண்ணாச்சிமாரே, அது விடுதலை இல்லை. அது தண்டனை. குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டியவர் சட்டப்படி தண்டிக்கப்பட்டவர். ஐநூறு ரூபாயோ ஐம்பது ரூபாயோ, பதிவேட்டில் அப்படித்தான் ஏறும். அறுபது வயசு ஆளுக்கு அதனால் பெரிசாக ஒன்றும் ஆகாது. நம்மோடு மறியலுக்கு வந்த இருபது வயசுப் பையனும் அதே வரிசையில் நின்று கட்டிவிட்டு வந்தானே, அவன் கதி? எச்சரித்து அனுப்புவது என்று ஒன்று உண்டு, 1958-ம் வருஷ நன்னடத்தைச் சட்டப்படி. அதிலும் குற்றவாளி என்ற தீர்ப்பு உண்டு. ஆனால் அதனால் வருகிற தகுதிக்கேடு ஒட்டாது என்று அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. அபராதத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி விடுதலைத் தீர்ப்பிலேயே உள்ள சூட்சுமம். நம்ம கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குப் போலீஸ் வேலை என்றால் உயிர். காலையில் நாலு மணிக்கு எழுந்து ரோட்டில் ஓடுகிற பிள்ளைகளை நாம பார்க்கிறோம். அந்தத் தேர்வுக்கு ஒரு விதி இருக்கிறது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ் சாட்சியாகிப் போனதால் விடுதலையானவரையும், கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே வைத்துப் பார்க்க வேண்டும் என்று. 2008 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு மணிகண்டன் வழக்கில் இந்த விதியின்படி செய்தது சரி என்று சொல்லிவிட்டது. மரியாதையான விடுதலை என்றால் மட்டும் அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம்.

அதென்ன மரியாதையான விடுதலை? சட்டப் புத்தகத்தில் தேடினால் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. இதை நான் சொல்லவில்லை, உச்சநீதிமன்றமே சொன்னது. 2012 நவம்பரில், நம்ம தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில். இந்த வார்த்தை நடைமுறைச் சட்டத்திலும் இல்லை, தண்டனைச் சட்டத்திலும் இல்லை, தீர்ப்புகள் வழியாக வந்தது. சாட்சியங்களை முழுசாகப் பரிசீலித்து, அரசுத் தரப்பு குற்றச்சாட்டை நிரூபிக்க அடியோடு தவறிவிட்டது என்று கண்டு விடுவித்தால் அதை மரியாதையான விடுதலை எனலாம் என்று விளக்கம் கொடுத்தார்கள். சட்டத்தில் இல்லாத வார்த்தை, ஆனால் ஒரு பையன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. கோர்ட் விடுதலை என்றால் விடுதலைதான், அதில் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று வத்தல் தரம் பிரிக்கிற மாதிரி பிரிக்கலாமா? ஆனால் நிலைமை இன்றைக்கு இப்படி இருக்கிறது.

அதனால் ஊரில் நடக்கிற வரப்புத் தகராறு, கொடைத் தகராறு கேசுகளில் கவனமாக இருங்கள். பெரியவர்கள் கூடிப் பேசி, சமாதானம் ஆகி, "கோர்ட்டில் போய் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருவோம்" என்று முடிவு செய்கிறார்கள். சாட்சி எல்லாம் பிறழ் சாட்சி. விடுதலையும் வருகிறது. ஊருக்கு அது நல்ல முடிவுதான், சமாதானத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த கேசில் வேலைக்குப் போகிற வயசுப் பையன் பெயர் இருந்தால் அவனுக்கு அது பாதி விடுதலை. என்ன செய்யலாம்? சமாதானம் ஆனதைக் காட்டி உயர்நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாமா, கேசை நடத்தி சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து ஜெயிக்கலாமா என்று முதலிலேயே வக்கீலிடம், "சார், இந்தப் பையன் வேலைக்குப் போகணும்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

தம்பிமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் "உங்கள் மேல் வழக்கு உண்டா" என்று கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். விடுதலையான கேசாக இருந்தாலும் எழுதுங்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சின்ன கேசை, விவரம் தெரியாத இளம் வயசில் வந்ததை, மன்னித்து எடுத்துக்கொள்ள இடம் உண்டு. வேண்டுமென்று மறைத்தது தெரிந்தால் அதுவே வேலையை நீக்கக் காரணம் ஆகிவிடும்.

இப்போ வழக்கு வாபஸ். நாம தீர்மானம் போட்டு, கோஷம் போட்டு வாங்குவது இதைத்தான். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனது. அதோடு, போராடிய மக்கள் மேல் கேஸ் மேல் கேஸ். படிக்கிற பிள்ளைகள், வெளிநாடு போக இருந்த பிள்ளைகள், மீன்பிடிக்கிற ஆட்கள், உப்பளத்து ஆட்கள் எல்லாரும் அதில் சிக்கினார்கள். 2021 மே மாதம் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை வந்தது. அதன் பேரில், சி.பி.ஐ. விசாரிக்கிற வழக்கும் சொத்துச் சேத வழக்குகளும் நீங்கலாக மற்றவை வாபஸ் ஆகும், படிப்புக்கும் வேலைக்கும் இடைஞ்சல் வராமல் தடையின்மைச் சான்று தரப்படும் என்று அரசு அறிவித்தது. பக்கத்தில் கூடங்குளம் வழக்கிலும் 2013 மே 6 தீர்ப்பில், மக்கள் மேல் உள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கும்படி உச்சநீதிமன்றமே சொன்னது. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் போராடிய டெல்லி விவசாயிகளும் 2021 டிசம்பரில் வழக்கு வாபஸ் என்ற உறுதியை எழுத்தில் வாங்கிய பிறகுதான் கூடாரத்தைப் பிரித்தார்கள். அவர்கள் எழுத்தில் வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் அறிவிப்பு வேறு, வாபஸ் வேறு. குற்றப்பத்திரிகை கோர்ட்டில் இருக்கிற கேசை மந்திரி வாபஸ் வாங்க முடியாது. அரசு வக்கீல் மனுப் போட வேண்டும், கோர்ட் சம்மதிக்க வேண்டும். பழைய 321, இப்போ 360. குற்றச்சாட்டு வனையும் முன் வாபஸ் ஆனால் அது விடுவிப்பு. வனைந்த பின் ஆனால் விடுதலை. எம்.எல்.ஏ., எம்.பி. மேல் உள்ள கேசை வாபஸ் வாங்க உயர்நீதிமன்ற அனுமதியும் வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது. நல்லவேளை, நமக்கு அந்தப் பதவி இல்லை!

2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்ததே, அப்போ நாம டிவியில் கேட்டதோடு விட்டோமா? சொசைட்டிக்குப் போய்த் தள்ளுபடிச் சான்று கையில் வாங்கி, அடமானம் வைத்த நகையைத் திருப்பி, வில்லங்கம் போட்டுப் பார்த்து, பிறகுதானே தூங்கினோம்? நிலத்துக்குப் பட்டா எங்கே, சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்று கேட்கிற நாம, கேஸ் முடிந்ததுக்கு என்ன பேப்பர் என்று கேட்க வேண்டாமா? அரைக்குறுக்கம் நிலத்துக்கு இருக்கிற மரியாதை நம்ம பேருக்குக் கிடையாதா?

சிறைத் தண்டனை கொடுத்தால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுப்பார்கள். விடுதலை ஆனால் நாமதான் நகல் மனுப் போட்டு வாங்க வேண்டும். நம்ம ஆட்கள் விடுதலை என்று காதில் விழுந்ததும் நேராக டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். கல்ஃபுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுக்கும்போது, கோர்ட்டில் கேஸ் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் அங்கே நின்றுவிடும். 1967-ம் வருஷச் சட்டத்தின் 6-வது பிரிவு அது. விடுவிப்போ விடுதலையோ ஆகியிருந்தால் தடை இல்லை. ஆனால் அதைக் காட்ட நகல் வேண்டுமே! கேஸ் நிலுவையில் இருந்தாலும், அந்தக் கோர்ட்டிலேயே அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் எடுக்க வழி இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் நமது கோரிக்கைத் தீர்மானத்தில் "வழக்குகளை வாபஸ் பெற வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது என்று நான் முன்மொழிகிறேன். எந்தத் தேதி மறியல், எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, எத்தனை பேர் என்று பட்டியலோடு எழுத வேண்டும். ஸ்டேஷன் அளவில் நிற்கிற கேசுகளில் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாக எழுத்தில் தர வேண்டும். கோர்ட்டில் இருப்பதற்கு அரசு வக்கீல் வாபஸ் மனுப் போட வேண்டும். கோரிக்கைக்காக அமைதியாகப் போராடிய வழக்கு எப்படி முடிந்திருந்தாலும் அது பிள்ளைகளின் அரசு வேலைக்குத் தடை ஆகாது என்று விதியைத் திருத்த வேண்டும். அதுவரை நம்ம சங்கத்தைச் சேர்ந்த யாரும், சங்க வக்கீலைக் கேட்காமல், ஒத்துக்கொண்டு ரூபாய் கட்ட வேண்டாம். வக்கீல் செலவுக்கு முடியாதவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்ட மக்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். அது பிச்சை இல்லை, சட்டம் கொடுத்த உரிமை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க ஆபீசில் உட்கார்ந்து இந்தப் பட்டியலை எழுதப் போகிறோம். சம்மன், ஜாமீன் உத்தரவு, அபராத ரசீது, எந்தத் துண்டுச் சீட்டு இருந்தாலும் எடுத்து வாருங்கள். காகிதமே இல்லாதவர்கள் மறியல் நடந்த தேதியையும் மண்டபத்தின் பெயரையும் சொன்னால் போதும், மற்றதை நாங்கள் தேடி எடுக்கிறோம். கம்ப்யூட்டரில் வழக்கு நிலவரம் பார்க்கத் தெரிந்த படித்த பிள்ளைகள் இரண்டு பேர் கூட வந்தால் வேலை வெரசா முடியும்.